ஒரே சைக்கிளில் மூன்று த்ராட்டில்: முழு முறுக்கு, அரை முறுக்கு, கட்டைவிரல்

சாதா சைக்கிளை மின்சார சைக்கிளாக்கும் கிட் ஒன்றைப் போட்டு, மோட்டாரின் வேகத்தைக் கையால் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலில் மூன்று வகையை மாட்டிப் பார்த்தேன். கடைசியில் நின்றது இடது பக்கம் போட்ட, லீவரை விரலால் அழுத்தும் கட்டைவிரல் த்ராட்டில்தான். அதற்கு முன் கிட்டோடு வந்த முழு முறுக்கும் (கைப்பிடி முழுவதும் திரும்பும் வகை), தனியாக வாங்கிய அரை முறுக்கும் ஹேண்டில்பாரில் ஏறி இறங்கிவிட்டன. எது எங்கே இடித்தது, மீட்டர் என்ன காட்டியது, எவ்வளவு செலவு என்பதெல்லாம் மறக்கும் முன் வரிசையாக எழுதிவைக்கிறேன்.

சைக்கிள் 26 அங்குலம், நேர் ஹேண்டில்பார், முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் 7 கியர். அதனால் ஷிஃப்டர் வலது பக்கம் மட்டும்தான். கிட்டில் இருந்தவை: 36 வோல்ட் 250 வாட் பின்சக்கர ஹப் மோட்டார், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் 15 ஆம்பியர் கன்ட்ரோலர், இழுத்ததும் மோட்டாரை நிறுத்தும் கட்-ஆஃப் சுவிட்ச் உள்ள இரண்டு பிரேக் லீவர், பெடல் போட்டால் மோட்டாரைத் துணைக்கு ஓட்டும் பெடல் அசிஸ்ட் சென்சார். கன்ட்ரோலரில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஜம்பர் கம்பியைக் கழற்றவில்லை. மணிக்கு 25 கி.மீ.க்கும் 250 வாட்டுக்கும் உள்ளே இருக்கும்வரைதான் இந்தியாவில் பதிவெண்ணும் லைசென்ஸும் இல்லாமல் ஓட்டலாம். அந்த ஜம்பரை எடுத்துவிடச் சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

மூன்று த்ராட்டிலுக்குள்ளும் இருப்பது ஒரே சரக்கு: ஒரு காந்தம், காந்தம் நகர்வதை வோல்ட்டாக மாற்றும் 49இ வகை ஹால் சென்சார் ஒன்று, ஒரு ஸ்பிரிங். சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், எவ்வளவு திருப்பினோம் என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் சிக்னல் கம்பி பெரும்பாலும் பச்சையோ வெள்ளையோ. மின்சாரக் கணக்கில் மூன்றுக்கும் வித்தியாசம் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். வித்தியாசம் எல்லாம் கை எங்கே இருக்கிறது, பக்கத்தில் என்ன இடிக்கிறது, தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்பதில்தான். பழைய பொட்டென்ஷியோமீட்டர் (உள்ளே உரசி நகரும் மின்தடை) வகை ஒன்று இன்னும் விற்பனையில் இருக்கிறது, 5 கிலோ ஓம் என்று போட்டிருக்கும். ஹால் த்ராட்டிலுக்கான கன்ட்ரோலரோடு அது சரியாக ஒத்துப்போகாமல் போகலாம். தேய்மானம் வேறு. விலை குறைவு என்று எடுக்க வேண்டாம்.

முதலில் செய்திருக்க வேண்டிய வேலை ஹேண்டில்பாரை அளப்பது. நான் இரண்டாவது த்ராட்டில் தோற்ற பிறகுதான் அளந்தேன். பாரின் நுனியிலிருந்து, 22.2 மி.மீ. குழாய் நடுவில் தடிக்கத் தொடங்கும் இடம்வரை ஒரு பக்கத்துக்கு 195 மி.மீ. கிடைத்தது. அதற்குள் பழைய ரப்பர் கைப்பிடி 125, பிரேக் லீவரின் பிடி 15, ஷிஃப்டரின் பிடி 22. மீதி 33. இந்த 33க்குள்தான் எல்லாக் கூத்தும்.

முழு முறுக்கைப் போடுவது சுலபம். பழைய கைப்பிடிக்கு அடியில் தட்டை ஸ்க்ரூடிரைவரை நுழைத்து இடைவெளியில் சானிடைசர் நாலு சொட்டு விட்டு முறுக்கினால் வந்துவிடும். எண்ணெய் விடாதீர்கள், அது காயாது. இன்னொரு கைப்பிடி ஏற்றும்போது சுற்றிக்கொண்டே இருக்கும். புது த்ராட்டிலின் நீளம் உடலோடு சேர்த்து 148 மி.மீ. இரண்டரை மி.மீ. ஆலன் கீயால் ஒரு திருகு, முடிந்தது. திருகை இறுக்கித் தள்ள வேண்டாம். பிளாஸ்டிக் உடல் நசுங்கினால் உள்குழாய் பிடித்துக்கொள்ளும், கையை விட்டாலும் திரும்பாது. நுனியிலும் பார் மூடிக்கும் கைப்பிடிக்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளி வேண்டும்.

கோளாறு ஒவ்வொன்றாக வந்தது. த்ராட்டிலின் உடல் 23 மி.மீ. எடுத்துக்கொண்டதால் பிரேக் லீவர் அவ்வளவு உள்ளே போனது. விரல்கள் லீவரின் நுனியில் விழுந்தன, சுண்டுவிரல் வெளியே நின்றது. ஷிஃப்டர் இன்னும் தள்ளிப்போனதால் கியர் மாற்ற உள்ளங்கையைக் கைப்பிடியிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. எடுத்து, நீட்டி, தட்டி, மறுபடி பிடிக்கும்போது கை கொஞ்சம் முறுக்கியே பிடிக்கும். கியர் மாறும் அதே நொடியில் மோட்டார் இழுக்கும். செயின் கடகடவென்று சத்தம் போடும்.

அதைவிடப் பெரிய கோளாறு தள்ளும்போது. டி.வி.எஸ். எக்ஸ்எல் ஓட்டிப் பழகிய கை வலது முறுக்கைத்தான் கேட்கும், அது நியாயம்தான். ஆனால் மொபெட்டில் இன்ஜின் சத்தம் இருக்கிறது, அணைத்துவிட்டுத் தள்ளுகிறோம். இதில் சத்தமே இல்லை. ஆனில் இருப்பது மறந்துபோகிறது. வாசற்படியில் ஏற்ற இரண்டு கைப்பிடியையும் பிடித்துத் தூக்கினால் மணிக்கட்டு தானாக மடங்கும். சைக்கிள் பாயும். பாய்ந்தால் உடம்பு பின்னால் போகும், கை இன்னும் இழுக்கும், இன்னும் முறுக்கும். விடுவதற்குப் பதில் இறுக்கிப் பிடிப்பதுதான் கையின் பழக்கம்.

சைக்கிள் வலது பக்கமாகச் சாய்ந்து விழுந்தால் இன்னொரு வினை. பாரின் நுனி தரையில் மோதி, மூடி உள்ளே தள்ளப்பட்டு, அந்த 2 மி.மீ. இடைவெளி போய்விடும். கைப்பிடி பாதி முறுக்கிலேயே நிற்கும். விழுந்த சைக்கிளைத் தூக்குவதற்கு முன் பேட்டரிச் சாவியை அணைக்க வேண்டும் என்று வீட்டில் எத்தனை பேருக்குச் சொல்லிக்கொண்டிருப்பது?

இந்தக் கட்டத்தில் ஒரு தனி எச்சரிக்கை. கிட்டோடு வந்த முறுக்கில் பேட்டரி அளவு காட்டும் மூன்று விளக்கும் ஒரு சாவியும் இருந்தன. அதனால் மூன்று கம்பிக்குப் பதில் ஆறு. கூடுதல் கம்பிகளில் ஓடுவது 5 வோல்ட் இல்லை, பேட்டரியின் முழு மின்னழுத்தம். 36 வோல்ட் பேட்டரி முழுசாக ஏறியிருந்தால் 42. அதில் ஒன்றை ஹால் கம்பியோடு தெரியாமல் தொட்டால் சென்சார் அந்த நொடியே காலி, கன்ட்ரோலரும் கூடவே போகலாம். நிறத்தை நம்ப வேண்டாம். மூன்று த்ராட்டிலிலும் சிக்னல் கம்பிக்கு ஒவ்வொரு நிறம்.

மேசையில் சோதிக்க கன்ட்ரோலர் தேவையில்லை. பென்சில் செல் மூன்று, தொடராகப் போட்டால் 4.5 வோல்ட். சிவப்புக்கு நேர்முனை, கறுப்புக்கு எதிர்முனை, சிக்னலுக்கும் கறுப்புக்கும் நடுவே மல்டிமீட்டர். விட்ட நிலையில் 0.8 முதல் 0.9 வோல்ட், முழுக்கத் திருப்பினால் மூன்றரைக்கு மேல் காட்ட வேண்டும். மெதுவாகத் திருப்பும்போது எண் குதிக்காமல் ஏற வேண்டும், விட்டால் கிளம்பிய எண்ணுக்கே திரும்ப வேண்டும். கடையிலேயே பார்த்துவிடலாம், செல் பெட்டியும் மீட்டரும் பையில் அடங்கும்.

அடுத்தது அரை முறுக்கு. இதில் கைப்பிடியின் உள்பாதி மட்டும் திரும்பும், வெளிப்பாதி சாதா ரப்பர். முறுக்கும் பகுதி 70, உடல் 22, வெளியே விட்ட நிலையான கைப்பிடி 65. கூட்டினால் 157. பிரேக்கும் ஷிஃப்டரும் சேர்த்து 194. இருப்பது 195! அளக்காமல் வாங்கியது அதிர்ஷ்டத்தில் உட்கார்ந்தது, ஆனால் பிரேக் லீவர் முழு முறுக்கில் இருந்ததைவிட இன்னும் 9 மி.மீ. உள்ளே போனது.

தள்ளும்போது பாயும் கோளாறு இதில் பாதி குறைந்தது. வெளிப்பாதியைப் பிடித்துத் தூக்கலாம். ஓட்டும்போது மோதிர விரலும் சுண்டுவிரலும் நிலையான ரப்பரை அணைத்திருப்பதால் குழியில் இறங்கினாலும் முறுக்கு ஆடாது. ஷிஃப்டர் இல்லாத சைக்கிள் என்றால் இதோடு நிறுத்தியிருப்பேன். தண்ணீர் கேன், பால் கேன் என்று சுமையோடு பெடல் போடாமல் வெகுதூரம் போகிற வண்டிக்கு இன்றைக்கும் என் ஓட்டு அரை முறுக்குக்குத்தான். கட்டைவிரலை அரை மணி நேரம் அழுத்திப் பிடிப்பது முடியாத காரியம். வயதானவர்களுக்கும் விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்கும் அதே.

இது தோற்றது இரண்டு இடத்தில். வெயிலில் நிறுத்தி எடுத்தால் வெளிப்பாதி ரப்பர் இளகி, கை அழுத்தத்தில் மெல்ல உள்ளே நகரும். நாலாம் நாள் அது முறுக்கும் பாதியை உரசிக்கொண்டு நின்றது. விட்டால் கால்வாசி திறந்தபடியே. திருகு வைத்து இறுக்கும் வகைக் கைப்பிடியை அளவுக்கு வெட்டிப் போட்டால் நகராது, அதைத்தான் முதலிலேயே போட்டிருக்க வேண்டும். இரண்டாவது, தண்ணீர். திரும்பும் பாதிக்கும் நிற்கும் பாதிக்கும் நடுவே உள்ள வட்ட இடுக்கு மழைக்குத் திறந்த வாசல். குவளையால் ஒரு நிமிடம் தண்ணீர் ஊற்றி, பத்து நிமிடம் கழித்து சிக்னலைப் பார்த்தேன். 0.84 இருந்த இடத்தில் 1.07. இந்தக் கன்ட்ரோலர் சக்கரத்தைச் சுற்றத் தொடங்குவது 1.2ல். இன்னும் ஒரு குவளை ஊற்றியிருந்தால் தானாகவே கிளம்பியிருக்கும்.

திறந்து பார்த்தால் ஹால் சென்சாரின் மூன்று காலுக்கும் நடுவே ஒரு சொட்டு தண்ணீர், சிவப்புக் காலிலிருந்து சிக்னல் காலுக்குப் பாலம் போட்டதுபோல் உட்கார்ந்திருந்தது. துடைத்து, ஹேர் டிரையரில் காயவைத்து, மூன்று காலுக்கும் நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு. அதற்குப் பிறகு ஊற்றினால் 0.84ஐ விட்டு அசையவில்லை. சிலிக்கான் பசை அடைப்பது என்றால் வினிகர் வாசம் அடிக்கிற வகையைத் தவிர்க்க வேண்டும், அது செம்பை அரித்துவிடும்.

மூன்றாவது, கட்டைவிரல். முதலில் வலது பக்கமே போட்டுப் பார்த்தேன். பிடி 22 மி.மீ., கணக்கில் 184, இடம் தாராளம். மி.மீ. கணக்கில் இடம் இருந்தது, கட்டைவிரலுக்கு இடம் இல்லை. ஷிஃப்டரின் கீழ் லீவரும் த்ராட்டில் லீவரும் ஒரே பாதையில் வருகின்றன. கியரை இறக்கப் போனால் மோட்டார் இழுக்கும்.

இடது பக்கம் காலியாகவே இருந்தது. ஆனால் கையில் இருந்தது வலதுக்கானது. அதை அப்படியே இடதில் நகர்த்தினால் உடல் கைப்பிடிப் பக்கம் வந்து லீவர் உள்பக்கம் போய்விடும், விரல் எட்டாது. திருப்பிப் போட்டால் விரல் எட்டும், அழுத்தும் திசை தலைகீழாகிவிடும். கடையில் கேட்டு இடதுக்கானதை மாற்றி வாங்கினேன். வாங்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது. பெட்டியின் மேல் எழுதியிருப்பதில்லை.

இடதில் வரிசை இப்படி: நுனியிலிருந்து கைப்பிடி 125, த்ராட்டில் 22, பிரேக் 15. மணி உள்ளே நகர்ந்தது, அவ்வளவுதான். லீவரின் கோணம்தான் நேரம் எடுத்தது. விட்ட நிலையில் லீவர் கிடைமட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி வைத்தால், முழுக்க அழுத்தும்போது கட்டைவிரல் பாரைச் சுற்றி இயல்பாகப் படுக்கும். மேலே தூக்கி வைத்தால் பத்து நிமிடத்தில் விரலடி மூட்டு வலிக்கும். திருகை அரைகுறையாக இறுக்கி, தெருவில் நாலு சுற்று ஓட்டி, ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் திருப்பி, அப்புறம் இறுக்குங்கள். கைப்பிடிக்கும் லீவருக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி போதும்.

கம்பி இணைப்பு: கன்ட்ரோலரில் மூன்று பின் வெள்ளை கனெக்டர், த்ராட்டிலில் தண்ணீர் புகாத மஞ்சள் வட்டக் கனெக்டர். மஞ்சளை வெட்டிவிட்டு, பேட்டரிச் சாவி அணைத்த நிலையில் ஒவ்வொரு கம்பியாக சால்டர், ஒவ்வொன்றுக்கும் தனி ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் உறை), மூன்றையும் சேர்த்து மேலே பெரியது ஒன்று. இணைப்புகளை ஒரே இடத்தில் வைக்காமல் 15 மி.மீ. முன்பின்னாக வைத்தால் முடிச்சு தடிக்காது, ஒன்றையொன்று உரசவும் வாய்ப்பில்லை.

இப்போது நான் செய்த வேண்டாத வேலை. கட்டைவிரல் லீவரின் மொத்த ஓட்டம் 62 டிகிரி, தாளில் கோணமானி அச்சிட்டு அளந்தது. கன்ட்ரோலரில் கிடைக்கும் 5 வோல்ட் உண்மையில் 4.32. சிக்னல் 0.84லிருந்து 3.62 வரை. 1.2 வரும்வரை மோட்டார் அசையாது, 3.3க்கு மேல் வேகம் ஏறாது. ஆக, தொடக்கத்தில் 8 டிகிரியும் கடைசியில் 7 டிகிரியும் வீண். குட்டி லீவரில் இது உறுத்தியது. கிரவுண்ட் கம்பியில் ஒரு டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் சிறு பாகம்) போட்டால் சிக்னல் மொத்தமும் மேலே ஏறும் என்று சாதா சிலிக்கான் டையோடைப் போட்டேன். விட்ட நிலையிலேயே 1.37 ஆகிவிட்டது, ஸ்டாண்டில் நிறுத்திய சக்கரம் தானாக உருண்டது. அவ்வளவு ஏற்றாத ஷாட்கி வகை டையோடு மாற்றினால் 1.05. லீவரைத் தொட்டதும் மோட்டார் எழுந்தது, அழகாக இருந்தது.

அழகைக் கலைத்தது அடுத்த சோதனை. சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கி வைத்து, த்ராட்டிலை விட்ட நிலையில், கறுப்புக் கம்பியை மட்டும் கனெக்டரிலிருந்து உருவினேன். சிக்னல் 4 வோல்ட்டைத் தாண்டியது, சக்கரம் முழு வேகத்தில் பறந்தது. கிரவுண்ட் இல்லாத ஹால் சென்சார் சிக்னலை மேலே தூக்கிவிடுகிறது, கன்ட்ரோலருக்கு அது முழு முறுக்கு. இந்தக் கன்ட்ரோலர் சாவி போடும் நேரத்தில் சிக்னல் உயரமாக இருந்தால் கிளம்ப மறுக்கிறது, ஓடிக்கொண்டிருக்கும்போது அறுந்தால் கண்டுகொள்வதில்லை. எல்லாவற்றையும்விட அறுந்துவிடக் கூடாத கம்பி அதுதான். அதன் நடுவே, சில டிகிரி சுகத்துக்காக, இரண்டு சால்டர் முனையோடு ஒரு டையோடைத் தொங்கவிட்டிருக்கிறேன். வெட்டி எடுத்து நேராக இணைத்துவிட்டேன். 8 டிகிரி வீணாகட்டும்.

இதற்குப் பிறகு கம்பி போகும் பாதையில்தான் அக்கறை வந்தது. ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முட்டும்வரை திருப்பி, இரண்டு முனையிலும் கம்பி இழுபடாமல் 40 மி.மீ. தொங்கல் இருக்கும்படி விட்டேன். உடலிலிருந்து கம்பி வெளிவரும் இடத்தில் கேபிள் டை போடக் கூடாது, மடிந்து மடிந்து அங்கேதான் அறும், 50 மி.மீ. தள்ளிப் போட வேண்டும், அதுவும் தளர்வாக. கம்பி முதலில் கீழே இறங்கி ஒரு வளைவு போட்டுப் பிறகு மேலே ஏறினால் மழைநீர் வளைவிலேயே சொட்டிவிடும், உடலுக்குள் போகாது.

பிரேக் கட்-ஆஃபையும் அப்போதே மறுபடி பார்த்தேன். சக்கரம் தூக்கிய நிலையில் பாதி த்ராட்டில், இடது லீவரை மெல்ல இழுத்தால் பிரேக் கட்டை ரிம்மைத் தொடும் முன்பே மோட்டார் நிற்க வேண்டும். பிறகு வலது. வலதில் கட்டை தொட்ட பிறகே நின்றது. கேபிளின் இறுக்கத்தை அட்ஜஸ்டரில் ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தியதும் சரியானது. கட்-ஆஃப் இல்லாத லீவரோடு எந்த வகை த்ராட்டிலையும் போடாதீர்கள், கறுப்புக் கம்பி அறுந்த நேரத்தில் மோட்டாரை உடனே நிறுத்துவது அது மட்டும்தான். அதுவும் லீவரை விட்டால் சக்கரம் மறுபடி ஓடும். பிடித்துக்கொண்டே இறங்கி, சாவியை அணைக்க வேண்டும்.

இந்தக் கன்ட்ரோலரில் ஆட்டோ குரூஸ் இருந்ததும் கட்டைவிரல் த்ராட்டிலில்தான் தெரிந்தது. சுமார் 8 விநாடி ஒரே அளவில் பிடித்தால் அந்த வேகத்தைப் பூட்டிக்கொள்ளும், விரலை எடுத்தாலும் ஓடும். நெரிசலில் இது வேண்டவே வேண்டாம். குரூஸ் என்று எழுதிய ஜோடிக் கம்பியின் இணைப்பை உருவி, முனைகளைத் தனித்தனியாக டேப் சுற்றினேன்.

ஓட்டத்தில் கட்டைவிரல் எப்படி என்றால், பெடல் அசிஸ்ட் இருப்பதால் த்ராட்டிலின் வேலையே தெரு சிக்னலில் நின்று கிளம்ப, மேட்டில் ஒரு தள்ளு, அவ்வளவுதான். ஒரு தடவைக்கு ஐந்து, பத்து விநாடி. அதற்கு விரல் வலிப்பதில்லை. வலது கை பின்பிரேக்குக்கும் கியருக்கும் முழுசாகக் கிடைக்கிறது. தள்ளும்போதும் தூக்கும்போதும் விரல் லீவர் மேல் போக வேண்டிய தேவையே இல்லை.

செலவு: முழு முறுக்கு கிட்டோடு வந்தது. அரை முறுக்கு 350 ரூபாய், கட்டைவிரல் 420, கைப்பிடி ஜோடி 150, கனெக்டரும் ஹீட் ஷ்ரிங்க்கும் 90, செல் மூன்று 60, டையோடு இரண்டு 10. மொத்தம் 1,080. அளந்துவிட்டு வாங்கியிருந்தால் 420ம் ஹீட் ஷ்ரிங்க் காசும் போதும்.

அடுத்த சைக்கிளுக்கு மாற்றப்போவது: கிட் வாங்கும்போதே முறுக்குக்குப் பதில் இடது கட்டைவிரல் கேட்பது, கன்ட்ரோலரிலும் அதே மஞ்சள் வட்டக் கனெக்டர் இருக்கிறதா என்று பார்ப்பது (இருந்தால் வெட்டு, சால்டர் எதுவும் வேண்டாம்), மாட்டும் முன்பே உடலைத் திறந்து ஹால் காலுக்கு நெயில் பாலிஷ் போடுவது. ஓடும்போது சிக்னல் எல்லை தாண்டினால் தானே நிறுத்தும் கன்ட்ரோலர் கிடைத்தால் கூடுதல் காசு கொடுத்து வாங்குவேன். வாங்கிய அன்றே கறுப்புக் கம்பியை உருவிப் பார்ப்பேன், சக்கரத்தைத் தூக்கி வைத்துத்தான்.

அரை முறுக்கு வீணாகவில்லை. பூசிய நெயில் பாலிஷோடு பக்கத்துத் தெருவில் கியர் இல்லாத, கேரியரில் கேன் ஏற்றும் சைக்கிளுக்குப் போயிருக்கிறது. வெளிப்பாதியில் திருகுக் கைப்பிடி, 65 மி.மீ.க்கு வெட்டியது.